நீட், ஜேஇஇ... எதை மறுபடி எழுதலாம்? எந்த மார்க் கணக்கில் வரும்? - முழு விவரம்

பிளஸ் 2 ரிசல்ட் வந்தாச்சு. ஜேஇஇ மெயின் ரிசல்ட் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஜூனில் நீட் ரிசல்ட்டும் வந்த பிறகு, பல வீடுகளில் ஓடுவது ஒரே பேச்சுதான். "இன்னொரு வருஷம் உட்காரலாமா?"

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் அர்த்தம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒரே அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இந்த ஊரில்தான் உள்ளது. ஊரைத் தாண்டி மதுரை பக்கம் போனால், திருப்பரங்குன்றம் வருவதற்கு முன்பே தோப்பூரில் எய்ம்ஸ் வளாகம். இரண்டிலும் சேர நீட் வேண்டும். ஆனால் அதே பக்கத்தில் உள்ள தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு மூலம் பி.இ. சேர எந்த நுழைவுத்தேர்வும் தேவையில்லை. பிளஸ் 2 மார்க் போதும்.

எந்தத் தேர்வை மறுபடி எழுதுவது, எழுதினால் பழைய மார்க் என்ன ஆகும், இரண்டு மார்க் இருந்தால் எதைக் காட்டுவது? இந்தக் குழப்பத்துக்கான விளக்கம் இது. இதில் உள்ள எண்கள் 2025 வரையிலான தேர்வுகளின் அடிப்படையிலானவை.

முதலில் பார்க்க வேண்டியது: பழைய மார்க் உயிரோடு இருக்குமா?

"நல்லா படிச்சா மார்க் ஏறும்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது சரிதான். ஆனால் முடிவு எடுக்க அது போதாது. மறுபடி எழுதி மார்க் குறைந்துவிட்டால் பழைய மார்க் கைகொடுக்குமா, கொடுக்காதா என்பதுதான் உண்மையான கேள்வி. இதற்கு ஒவ்வொரு தேர்வுக்கும் ஒவ்வொரு பதில் இருக்கிறது.

ஜேஇஇ மெயினில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு முறை எழுதலாம். இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கு. நீட் அப்படி இல்லை. ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும், அந்த மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். அடுத்த ஆண்டு மறுபடி எழுதி 50 மார்க் குறைந்தாலும், "போன வருஷ மார்க்கை எடுத்துக்கோங்க" என்று கேட்க முடியாது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் நீட் தகுதி மூன்று ஆண்டுகள் செல்லும்.

பிளஸ் 2 மார்க்? அது போகாது. இரண்டு வருஷம் கழித்தும் அதே மார்க்தான். நல்ல மார்க் எடுத்தவர்களுக்கு இது வரம். குறைவாக எடுத்தவர்களுக்குச் சிக்கல்.

ஜேஇஇ மெயின்: ஏப்ரலில் எழுதினால் நஷ்டம் உண்டா?

மார்க் அளவில் நஷ்டமே இல்லை. ஜனவரி, ஏப்ரல் என இரண்டு அமர்வுகளாக நடக்கும் இந்தத் தேர்வில், எந்த மார்க்கைக் காட்டுவது என்று மாணவர் எதையும் தேர்வு செய்ய வேண்டியதில்லை. தேசிய தேர்வு முகமையே, அதாவது என்டிஏவே, இரண்டில் உயர்ந்ததை எடுத்து ரேங்க் போட்டுவிடும். அதனால்தான் ஜனவரி ரிசல்ட்டில் அகில இந்திய ரேங்க் இருக்காது. ஏப்ரல் ரிசல்ட்டோடுதான் வரும்.

2025-ல் ஜனவரியில் 12,58,136 பேர் எழுதினார்கள். ஏப்ரலில் 9,92,350 பேர். இரண்டையும் எழுதியவர்கள் 7,75,383 பேர். தனித்தனி ஆட்களாக எண்ணினால் மொத்தம் 14,75,103 பேர். அதாவது எழுதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டாவது வாய்ப்பையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். "நாம மட்டும் ஏன் மறுபடி?" என்று கூச்சப்படுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ஜனவரியில் 150 மார்க், ஏப்ரலில் 130 மார்க் என்றால் ஜனவரிதான் உயர்வு என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பார்க்க வேண்டியது மார்க்கை அல்ல, பெர்சென்டைலை. ஒரு ஷிப்டில் 50,000 பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 45,000 பேர் உங்கள் மார்க்கோ அதற்குக் குறைவாகவோ எடுத்திருந்தால் உங்கள் பெர்சென்டைல் 90. கேள்வித்தாள் கடினமான ஷிப்டில் 130 மார்க்குக்கே 92 பெர்சென்டைல் வரலாம். அப்போ கணக்கில் வருவது ஏப்ரல்தான். ஒவ்வொரு ஷிப்டுக்கும் வேறு வேறு கேள்வித்தாள் என்பதால்தான் இந்த முறை.

ஆனால் நேர அளவில் நஷ்டம் இருக்கிறது. மார்ச் முழுக்க பிளஸ் 2 பொதுத்தேர்வு. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜேஇஇ. மே முதல் ஞாயிறு வாக்கில் நீட். உயிரியலும் கணக்கும் சேர்த்து எடுத்த மாணவர் மூன்றுக்கும் தயாராக நினைத்தால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான். ஜனவரியில் பெர்சென்டைல் மிகக் குறைவாக வந்து, மனசு முழுக்க மருத்துவத்தில் இருந்தால், ஏப்ரல் ஜேஇஇயை விட்டுவிட்டு அந்த நாட்களை நீட்டுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். என்ஐடி, ஐஐடிதான் இலக்கு என்றால் ஏப்ரலை விடவே கூடாது.

ஐஐடி கனவு என்றால் எத்தனை தடவை?

ஜேஇஇ மெயினை பிளஸ் 2 முடிக்கும் ஆண்டையும் சேர்த்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எழுதலாம். ஐஐடிகளுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் மட்டுமே. ஆக, பிளஸ் 2 முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு அட்வான்ஸ்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. 2024 நவம்பரில் இதை மூன்று முறையாக்குவதாக அறிவித்து, சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு "மூணு தடவை எழுதலாமாம்" என்று நம்பி ஏமாற வேண்டாம்.

இன்னொரு விதியையும் கவனிக்க வேண்டும். ஜோசா கலந்தாய்வில் ஐஐடி இடத்தை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிட்டால், அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு எழுத முடியாது. "பிடிக்காத பிராஞ்ச் கிடைச்சிருக்கு, இப்போ சேர்ந்துட்டு அடுத்த வருஷம் மாத்திக்கலாம்" என்ற கணக்கு ஐஐடியில் நடக்காது. என்ஐடியில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

மெயின் எழுதி என்ஐடி, ஐஐஐடிகளில் சேர பிளஸ் 2-வில் 75 சதவீத மார்க் வேண்டும், அல்லது அந்தந்த வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65 சதவீதம். இது இல்லாமல் ஜேஇஇயை மட்டும் மறுபடி எழுதிப் பயன் இல்லை. வருஷத்தைக் கொடுப்பதற்கு முன் பிளஸ் 2 மார்க் ஷீட்டை எடுத்து இதைச் சரிபார்க்க வேண்டும்.

நீட்: மறுபடி எழுதினால் பழையது போச்சு

நீட் எழுத எத்தனை முறை என்ற வரம்பு இல்லை. உச்ச வயது வரம்பும் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் "எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம்" என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்தில் இருந்துதான் தொடக்கம்.

மறுபடி எழுதுவதா, இருக்கும் மார்க்கை வைத்துக்கொள்வதா என்ற முடிவு எவ்வளவு கஷ்டமானது என்பதற்கு 2024-ல் நாடே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. அந்த ஆண்டு மே 5-ல் நடந்த நீட் தேர்வில் சில மையங்களில் மாணவர்களுக்கு முழு நேரம் கிடைக்கவில்லை. அதை ஈடுகட்ட 1,563 பேருக்கு கருணை மதிப்பெண் கொடுக்கப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. ஜூன் 13-ம் தேதி, கருணை மதிப்பெண் ரத்து செய்யப்படுவதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்த 1,563 பேருக்கும் இரண்டு வழிகள் தரப்பட்டன. ஒன்று, கருணை மதிப்பெண் இல்லாமல் தாங்கள் எடுத்த அசல் மார்க்கை ஏற்றுக்கொள்வது. இரண்டாவது, ஜூன் 23-ல் மறுதேர்வு எழுதுவது. எழுதினால் புதிய மார்க்தான் இறுதி, பழையது செல்லாது.

யோசிக்கக் கிடைத்தது பத்தே நாட்கள். கடைசியில் எழுத வந்தவர்கள் 813 பேர். 750 பேர் வரவில்லை. சத்தீஸ்கரில் 602 பேரில் 291 பேர், ஹரியானாவில் 494 பேரில் 287 பேர், மேகாலயாவில் 464 பேரில் 234 பேர் எழுதினார்கள். சண்டிகரில் இருந்த இரண்டு பேருமே வரவில்லை. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஒரே சூழல், ஒரே விதி, ஆனாலும் முடிவு இரண்டாகப் பிரிந்தது. இருப்பதே போதும் என்று நினைத்தவரும் உண்டு, இருப்பதை வைத்து ஒன்றும் கிடைக்காது என்பதால் இழக்க எதுவுமில்லை என்று எழுதியவரும் உண்டு. இப்போது இருக்கும் மார்க்குக்கு ஏதாவது ஒரு இடம் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே மறுதேர்வின் ஆபத்து கூடும், குறையும்.

"போன வருஷம் 550-க்கு கிடைச்சதே!"

மறுபடி எழுதுவது பற்றிப் பேசும்போது சொந்தக்காரர்கள் வாயில் வரும் வசனம் இது. இதை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. காரணம் எளிமையானது. 2024-ல் திருத்தப்பட்ட இறுதி முடிவின்படி 17 பேர் 720-க்கு 720 எடுத்தார்கள். 2025-ல் முதலிடம் பிடித்தவரின் மார்க்கே 686. நாடு முழுக்க 651-க்கு மேல் எடுத்தவர்கள் வெறும் 73 பேர். பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 2024-ல் 162, 2025-ல் 144. கேள்வித்தாள் கடினமானதால் எல்லோருடைய மார்க்கும் இறங்கியது.

அதனால் 2024-ல் 560 எடுத்து, 2025-ல் 510 எடுத்த ஒருவர் பின்னால் போய்விட்டார் என்று சொல்ல முடியாது. ரேங்க் முன்னேறிக்கூட இருக்கலாம். தன் முன்னேற்றத்தை அளக்க, இரண்டு ஆண்டு ஸ்கோர் கார்டுகளிலும் உள்ள அகில இந்திய ரேங்க்கை ஒப்பிட வேண்டும். போன ஆண்டு கடைசியாக எந்த ரேங்க்குக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற பட்டியலை எடுத்து, தன் ரேங்க் அதில் இருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் என்றால் ஒரு வருஷத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். ரொம்ப தூரம் என்றால், எங்கே மார்க் போனது என்று பாடவாரியாக உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 180 கேள்விகளில் 90 உயிரியல். அதிலேயே மார்க் போயிருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. இயற்பியல் 45 கேள்விகளில் பெரும்பாலானவை புரியவே இல்லை என்றால், இன்னொரு வருஷமும் அதே புத்தகத்தை அதே மாதிரி படிப்பதால் பெரிதாக மாறிவிடாது.

71 சதவீதம் என்ற எண் சொல்வது என்ன?

நீட்டின் தாக்கத்தை ஆராய தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. அதில் அதிகம் பேசப்பட்ட தகவல் ஒன்று உண்டு. நீட் வருவதற்கு முன் 2016-17-ல் மருத்துவ இடம் பெற்றவர்களில் ஏற்கனவே பிளஸ் 2 முடித்து மறுபடி முயன்றவர்கள் சுமார் 12.5 சதவீதம்தான். 2020-21-ல் அது 71 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. முதல் முறையிலேயே இடம் பிடித்தவர்கள் 29 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். முதலாவது சரியான வாசிப்பு. முதல் முயற்சியில் கிடைக்கவில்லை என்பது பிள்ளையின் தோல்வி அல்ல, இப்போதைய நடைமுறையே அப்படித்தான் ஆகிவிட்டது. பயிற்சிக்கும் ஒரு வருஷக் காத்திருப்புக்கும் பணம் இல்லாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பாதகம் என்பதைத்தான் அந்தக் குழுவும் சுட்டிக்காட்டியது.

இரண்டாவது வாசிப்பு தப்பானது. "மறுபடி எழுதுறவங்கள்ல 71 சதவீதம் பேருக்கு சீட் கிடைக்குது" என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. சீட் வாங்கிய நூறு பேரில் 71 பேர் மறுபடி எழுதியவர்கள், அவ்வளவுதான். மறுபடி எழுதி சீட் வாங்காதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. 2025-ல் தமிழ்நாட்டில் 1,35,715 பேர் நீட் எழுதி 76,181 பேர் தகுதி பெற்றார்கள். மாநிலத்தில் எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்தாலும் எம்பிபிஎஸ் இடங்கள் 12 ஆயிரத்தை ஒட்டித்தான். தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. ஒரு பயிற்சி மையத்தின் பேனரில் சிரிக்கும் முகங்களைப் பார்க்கும்போது, பேனரில் இல்லாத முகங்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர் என்றால் கணக்கு வேறு

6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைக்க, அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் என்றது. இதில் எம்பிபிஎஸ், பல் மருத்துவம் மட்டுமல்ல, சித்தா, ஹோமியோபதி போன்றவையும் அடங்கும். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மறுபடி எழுதுபவருக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. எங்கே பயிற்சி எடுத்தார் என்பதல்ல, எங்கே பள்ளிப் படிப்பை முடித்தார் என்பதுதான் பார்க்கப்படும். இந்த ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இடையே மட்டும் என்பதால், பொதுப் பட்டியல் கட்-ஆஃபைப் பார்த்து "நமக்கு வாய்ப்பே இல்லை" என்று ஒதுங்கவும் வேண்டாம். தனியாக வெளியாகும் 7.5 சதவீத தரவரிசைப் பட்டியலில் தன் இடம் எது என்று பார்த்த பிறகே மறுதேர்வு பற்றி யோசிக்க வேண்டும்.

திருமங்கலத்தில் கிடைத்தால் சேர்வதா, எம்பிபிஎஸ்ஸுக்காகக் காத்திருப்பதா?

உதாரணத்துக்கு, திருமங்கலத்தில் அரசுப் பள்ளியில் படித்த ஒரு மாணவி. நீட்டில் தகுதி பெற்றுவிட்டார். எம்பிபிஎஸ்ஸுக்கு ரேங்க் எட்டவில்லை. உள்ளூர் ஹோமியோபதி கல்லூரியில் இடம் கிடைக்கும் நிலை. வீட்டில் அப்பா "சேர்ந்துரும்மா, வீட்ல இருந்தே போய்ட்டு வரலாம்" என்கிறார். அக்கா "ஒரு வருஷம்தானே, மறுபடி எழுது" என்கிறார்.

1975-ல் தொடங்கப்பட்ட இந்த அரசுக் கல்லூரியில் பிஎச்எம்எஸ் படிப்பு, பயிற்சி மருத்துவர் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். எம்பிபிஎஸ்ஸும் ஐந்தரை ஆண்டுகள்தான். மறுபடி எழுதி எம்பிபிஎஸ் கிடைத்தால் ஒரு வருஷம்தான் தள்ளிப்போகும். மறுபடி எழுதியும் கிடைக்காமல், அதே பிஎச்எம்எஸ்ஸில் அடுத்த ஆண்டு சேர்ந்தாலும் ஒரு வருஷம்தான் நஷ்டம். ஆனால் மறுபடி எழுதி ரேங்க் இறங்கி, இப்போது கையில் இருக்கும் பிஎச்எம்எஸ் இடமும் போய்விட்டால்? அந்த மூன்றாவது நிலைமையைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பழைய நீட் மார்க் செல்லாது என்பதால் அது உண்மையான ஆபத்து.

ஹோமியோபதி மருத்துவராகப் பணியாற்றுவதில் அந்த மாணவிக்கு விருப்பம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் காத்திருக்கத் தேவையே இல்லை. இல்லை என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்ந்து, ஆறு மாதத்தில் விலகி, மறுபடி நீட் புத்தகத்தை எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. சேர்ந்த பிறகு விலகினால் என்ன கட்ட வேண்டும், சான்றிதழ்கள் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும்.

நடைமுறையில் ஒரு விஷயம். எம்பிபிஎஸ், பல் மருத்துவத்துக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடம் விண்ணப்பித்தால், அது ஹோமியோபதி, சித்தாவுக்கும் சேர்த்து என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றுக்கு சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதி இயக்ககத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு, இடம் இருந்தும் இழந்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

தோப்பூர் எய்ம்ஸ் எதிரிலேயே வீடு இருந்தாலும் சலுகை எதுவும் கிடையாது. எய்ம்ஸ் இடங்கள் முழுவதும் டெல்லியில் உள்ள எம்சிசி நடத்தும் அகில இந்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. மதுரை எய்ம்ஸின் முதல் 50 மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பைத் தொடங்கினார்கள்.

கலந்தாய்வில் இந்தத் தப்பைப் பண்ணினால் அடுத்த நீட்டே எழுத முடியாது

மறுபடி எழுதப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது. எம்சிசி கலந்தாய்வின் கடைசிக் கட்டமான ஸ்ட்ரே வேகன்சி சுற்றில் இடம் ஒதுக்கப்பட்டு, அதில் சேராமல் விட்டால், கட்டிய டெபாசிட் போகும். அதோடு அடுத்த ஓர் ஆண்டு நீட் எழுதவும் தடை. "சும்மா போட்டுப் பார்ப்போம், கிடைச்சா யோசிப்போம்" என்று கடைசிச் சுற்றில் கல்லூரிகளை வரிசையாக கிளிக் செய்வது, மறுதேர்வுத் திட்டத்தையே காலி செய்துவிடும். சேர மனமில்லாத கல்லூரியை அந்தச் சுற்றில் பட்டியலில் போடவே கூடாது.

பொறியியல் என்றால் எதை எழுதுவது?

தமிழ்நாட்டில் எதையும் எழுத வேண்டாம். 1984-ல் தொடங்கி இங்கேயும் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. 2006-ல் கொண்டுவரப்பட்ட சட்டத்தால் அது ரத்தாகி, 2007 முதல் பிளஸ் 2 மார்க் மட்டுமே அடிப்படை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கு கட்-ஆஃப். மருத்துவத்துக்கு மட்டும் 2017-ல் நீட் வந்து சேர்ந்தது.

இந்த மார்க்கை மறுபடி எழுதி உயர்த்த முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் பாஸான பாடத்தை மார்க் கூட்டுவதற்காக மறுபடி எழுத முடியாது. துணைத்தேர்வு, தேர்ச்சி பெறாதவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீட்டுக்காக ஒரு வருஷம் காத்திருந்து கிடைக்காமல் போனாலும், கணிதம் எடுத்திருந்தால் அதே பிளஸ் 2 மார்க்கோடு அடுத்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். உயிரியல் மட்டும் படித்தவர்களுக்கு நர்சிங், பி.பார்ம் ஆகியவற்றுக்கு தமிழ்நாட்டில் நீட் தேவையில்லை. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் 2 மார்க்கில், அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதம் நீட் மார்க்கில். மறுதேர்வு எழுத உட்காரும்போதே இதில் எது மாற்று வழி என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

மற்ற தேர்வுகள்

கட்டடக்கலைக்கான நாட்டா தேர்வை ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுதலாம், சிறந்த மார்க் கணக்கில் வரும். மத்திய பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் ஆண்டுக்கு ஒரு முறை, அந்த ஆண்டுக்கு மட்டும்.

அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருந்தால் சாட் பற்றியும் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே பலமுறை எழுதி, எந்தத் தேதியில் எழுதிய மார்க்கை அனுப்புவது என்று மாணவரே தேர்வு செய்யலாம். சில பல்கலைக்கழகங்கள் ஒரு தேதியின் கணித மார்க்கையும் இன்னொரு தேதியின் ஆங்கில மார்க்கையும் சேர்த்துக்கூட எடுத்துக்கொள்ளும். வேறு சில, எழுதிய எல்லாவற்றையும் காட்டச் சொல்லும். நம்ம ஊர்த் தேர்வுகளில் இந்தத் தேர்வு உரிமை கிடையாது. நீட், ஜேஇஇ மார்க்குகளை கலந்தாய்வு அமைப்புகள் என்டிஏவிடம் இருந்தே எடுத்துக்கொள்ளும். மாணவர் சரியாகக் கொடுக்க வேண்டியது அந்த ஆண்டின் விண்ணப்ப எண்ணும் பதிவு எண்ணும்தான். போன ஆண்டு எண்ணைத் தவறிப்போய் போட்டால் விண்ணப்பம் நிற்கும்.

மார்க் இருந்தும் இடம் போகும் இடம்

மறுபடி எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது சான்றிதழில். தமிழ்நாட்டு கலந்தாய்வுக்கு பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் போதும். ஆனால் ஜோசா, எம்சிசி கலந்தாய்வுகளில் ஓபிசி ஒதுக்கீடு கேட்க மத்திய அரசு படிவத்தில் உள்ள, கிரீமி லேயர் அல்லாதோர் என்ற ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில், ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருஷம் வாங்கியது பீரோவில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மறுபடி எழுதினால், இதையும் மறுபடி வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ, தாலுகா அலுவலகம் என்று போய் வர நாட்கள் ஆகும் என்பதால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போட்டுவிடலாம்.

செலவையும் பார்க்க வேண்டும். 2025-ல் நீட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், ஓபிசிக்கு 1,600, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 1,000. இது சின்னத் தொகைதான். தினமும் திருமங்கலத்தில் இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை போய், அங்கிருந்து பயிற்சி மையம் போய்வரும் நேரமும் பணமும் ஒரு வருஷத்துக்கு எவ்வளவு என்பதுதான் பெரிய கணக்கு. கட்டணத்தை மொத்தமாகக் கட்டும் முன், பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மனசு சரியில்லை என்றால்

ரிசல்ட் வந்த முதல் வாரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் கோபத்தில் அல்லது அழுகையில் எடுக்கும் முடிவு. கலந்தாய்வு தொடங்க நாட்கள் இருக்கும். அதுவரை எல்லா விண்ணப்பங்களையும் போட்டு வைத்துவிட்டு, மறுதேர்வு முடிவைத் தள்ளிவைக்கலாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் பெற்றோர் முதலில் மார்க் பேச்சை நிறுத்த வேண்டும். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். மாணவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் அழைக்கலாம்.